பக்கத்தைத் தாக்கிய வாதம்

2001 ஜூலை 31ஆம் தேதி காலை. கனடாவின் டொரான்டோ நகரில் எழுபது வயதுக்காரர் ஒருவர் எழுந்து, உடை மாற்றிக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, வாசலில் கிடந்த ‘குளோப் அண்ட் மெயில்’ நாளிதழை எடுத்துவந்து பிரித்தார். பத்திரிகையின் முகம் மாறவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் படம், தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் தலைப்பு, கீழே பத்தி பத்தியாகச் செய்தி. ஆனால் ஒரு சொல்லைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. எழுத்துகள் ஒரு கணம் ரஷ்ய எழுத்தைப் போலவும் மறுகணம் கொரிய எழுத்தைப் போலவும் தெரிந்தன. செர்பிய நாட்டுக்கு அனுப்பும் பதிப்பு எதுவும் வழிதவறி வந்துவிட்டதா என்று யோசித்தார். யாராவது விளையாடுகிறார்களோ என்றும் நினைத்தார். அப்படி விளையாடக்கூடிய நண்பர்கள் அவருக்கு இருந்தார்கள்.

அடுத்து அவருக்குத் தோன்றிய விளக்கம் சரியாக இருந்தது: மூளையில் ஏதோ நடந்திருக்கிறது. மகனை எழுப்பி, டாக்சி பிடித்து மருத்துவமனைக்குப் போனார். வழியில் தெருப் பெயர்ப் பலகை ஒன்றும் பிடிபடவில்லை. அவசரப் பிரிவு என்று வாசலில் எழுதியிருந்ததும் பிடிபடவில்லை. அங்கே மேலே வரைந்திருந்த ஆம்புலன்ஸ் படம் மட்டும் பார்த்தவுடன் புரிந்தது.

அவர் பெயர் ஹாவர்ட் எங்கெல். 1931இல் டொரான்டோவில் பிறந்து, செயின்ட் கேத்தரின்ஸ் நகரில் வளர்ந்தவர். கனடிய வானொலியில் தயாரிப்பாளராக இருந்தவர், ஐம்பதை நெருங்கும் வயதில் துப்பறியும் நாவலுக்கு வந்தார். 1980இல் வெளியான முதல் நாவலிலேயே பென்னி கூப்பர்மேன் என்ற துப்பறிவாளர் பிறந்துவிட்டார். துப்பாக்கியும் மழைக்கோட்டுமாகத் திரிகிற அமெரிக்க வகை ஆள் இல்லை பென்னி. சிறு நகரம், யூதக் குடும்பம், பசித்தால் முட்டை சாண்ட்விச், சாதுவான மனிதர். அந்தப் பாத்திரத்தை வைத்து எங்கெல் வரிசையாக நாவல்கள் எழுதினார். கண்ணில் பட்டதையெல்லாம் படித்துப் படித்தே தன் வாழ்க்கை கட்டப்பட்டது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடமிருந்து அந்த ஒன்று மட்டும் ஒரே இரவில் பறிபோயிற்று.

எங்கெலின் கதையைப் பலர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் ‘மன உறுதியால் மீண்ட எழுத்தாளர்’ என்ற வாய்பாட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள். ‘மீண்டார்’ என்ற சொல்லை நான் இங்கே தவிர்க்கப்போகிறேன். அவர் இழந்தது திரும்பக் கிடைக்கவே இல்லை. ஆனாலும் அவர் மறுபடி படித்தார், படிப்பதில் இருக்கிற இன்பத்தையும் அடைந்தார். திறமை திரும்பாமல் இன்பம் மட்டும் எப்படித் திரும்பும்? எனக்கு இந்த நிகழ்வில் அக்கறை அந்த இடத்தில்தான்.

கை கால் விழாத பக்கவாதம்

மூளையின் இடப்புறம் பின்பகுதியில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அந்த இடம் சேதமாகியிருந்தது. இதை நாம் பக்கவாதம் என்கிறோம்; இலங்கைத் தமிழர்கள் பாரிசவாதம் என்பார்கள். இரண்டு சொல்லுமே உடம்பின் ஒரு பக்கம் விழுந்துபோவதைத்தான் குறிக்கின்றன. எங்கெலுக்குக் கையும் விழவில்லை, காலும் விழவில்லை, வாயும் கோணவில்லை. உடம்பின் பக்கம் தப்பித்தது, புத்தகத்தின் பக்கம் போய்விட்டது.

இந்தச் சொல்மயக்கம் வெறும் வேடிக்கை இல்லை. மூளையின் பின்புறம் பார்வைக்கான இடம். அங்கே அடைப்பு வந்தால் கண்ணில்தான் கோளாறு என்று தோன்றும். ‘காலையிலிருந்து பேப்பர் படிக்க வரவில்லை’, ‘ஒரு பக்கமாக மறைக்கிறது’ என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், கண்ணாடி மாற்ற வேண்டும்போலிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்போம். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. ஞாயிற்றுக்கிழமைவரை அது காத்திருக்காது.

எங்கெலுக்குப் படிப்பு மட்டும்தான் போயிற்று என்றும் இல்லை. பார்வைப் பரப்பில் வலப்புறம் மேலே கால்வாசி இருண்டுவிட்டது. ஆரம்ப நாட்களில் நிறங்கள் குழம்பின, தெரிந்த முகங்கள் தெரியாதவையாகத் தோன்றின. கையில் இருப்பது ஆப்பிளா தக்காளியா என்று பார்த்து முடிவு செய்ய முடியாமல், முகர்ந்தோ அமுக்கியோ கண்டுபிடித்தார். பெயர்கள் நினைவில் தங்கவில்லை. இவற்றில் பல மெல்ல மெல்லச் சரியாயின. எழுத்து மட்டும் சரியாகவில்லை.

மருத்துவமனையில் இன்னொன்றும் தெரியவந்தது. செவிலியர் சொல்லி எழுதிப் பார்த்தார், எழுத வந்தது. கையெழுத்தும் பழைய கையெழுத்தேதான். ஆனால் எழுதி முடித்துச் சற்று நேரம் கழித்து அதையே பார்த்தால், யாரோ எந்த மொழியிலோ கிறுக்கியதுபோல் இருந்தது. எழுதத் தெரியும், எழுதியதைப் படிக்கத் தெரியாது. இதற்கு மருத்துவத்தில் ‘அக்ராஃபியா இல்லாத அலெக்சியா’ என்று பெயர். எழுதுகிறான், ஆனால் எதையும் படிப்பதில்லை என்று சில எழுத்தாளர்களைப் பற்றி நம் ஊர் விமர்சகர்கள் கடிந்துகொள்வதுண்டு. அந்த வசை ஒரு மனிதருக்கு நோயாகவே வாய்த்தது.

பாரிஸ் துணி வணிகர்

எங்கெலுக்கு 114 ஆண்டுகள் முன்னால், 1887 அக்டோபரில், பாரிஸ் நகரத் துணி வணிகர் ஒருவர் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது பெயர்ப்பலகைகளைப் படிக்க முடியாமல் திகைத்து நின்றார். கண் மருத்துவர் லாந்தோல்ட்டிடம் போனார். கண்ணில் குறை இல்லை. லாந்தோல்ட் அவரை நரம்பியல் மருத்துவர் ஜூல் டெஜெரினிடம் அனுப்பினார். மருத்துவ நூல்கள் இந்த நோயாளியைத் ‘திருவாளர் சி.’ என்று குறிக்கின்றன.

திருவாளர் சி.யிடம் எழுத்துகளைக் காட்டியபோது, அவற்றின் வடிவத்தைத் தெளிவாகவே விவரித்தார். பெயர்தான் வரவில்லை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் முதல் எழுத்தாக வருகிற ‘ஏ’யைப் பார்த்து, ஓவியர்கள் படத்தை நிறுத்தி வரைகிற சட்டம் மாதிரி இருக்கிறது என்றார். ‘இசட்’டைப் பாம்பு என்றார். ‘பி’யை இடைவாரின் கொக்கி என்றார். தினமும் பார்த்துப் பழகிய ஒரு நாளிதழை அதன் தோற்றத்தை வைத்தே இன்னது என்று சொல்லிவிட்டார். அதன் பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டினால் தெரியவில்லை. எண்களில் சிரமம் இல்லை. கணக்குப் பார்த்தார், வியாபாரத்தைக் கவனித்தார், சீட்டாடினார். எண்ணும் எழுத்தும் இரண்டு கண்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவருக்கு அதில் ஒரு கண் மட்டும் அணைந்திருந்தது.

கடைசிவரை அவர் படிக்கவில்லை. 1892 ஜனவரியில் இரண்டாவது முறை தாக்கியபோது எழுதும் திறனும் போயிற்று. சில நாட்களில் இறந்தார். டெஜெரின் மூளையைத் திறந்து பார்த்து, அந்த ஆண்டே முடிவை வெளியிட்டார். இடப்புறப் பின்பகுதியில் பழைய சேதம். இரண்டு மூளைப் பாதிகளையும் இணைக்கிற நரம்புப் பாலத்தின் பின் நுனியிலும் சேதம். அதாவது, வலப்பாதி எழுத்தைப் பார்க்கிறது. பார்த்ததை, மொழி குடியிருக்கிற இடப்பாதிக்குக் கொண்டுபோகிற பாலம் அறுந்திருக்கிறது. மொழியிலிருந்து கைக்குப் போகிற பாதைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனவே எழுத முடிகிறது.

பிற்காலத்து ஆய்வாளர்கள், குறிப்பாகப் பிரான்சின் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் லோரான் கோஹனும், மூளையின் இடப்பாதியில் அடிப்புறமாக ஒரு சிறு பகுதியைக் குறிப்பாகச் சுட்டினார்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுதிய சொல்லைக் கண்டால் அந்த இடம் விழித்துக்கொள்கிறது. எந்த லிபியைப் படிப்பவராக இருந்தாலும் ஏறக்குறைய அதே இடம்தான். இதில் என்னை வியக்கவைப்பது, அந்த இடம் படிப்பதற்காக உண்டானது அன்று என்பது. எழுத்து பிறந்து ஐயாயிரம் ஆண்டுகள் சொச்சம்தான் ஆகிறது. அதற்குள் மூளை தனக்கென ஒரு வாசிப்பு உறுப்பை வளர்த்துக்கொள்ள அவகாசம் இல்லை. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணுகிற பகுதியில் ஒரு மூலையை இரவல் வாங்கி, சின்ன வயதில் அதில் எழுத்துகளைக் குடியேற்றுகிறோம். எங்கெலுக்கு எழுத்தோடு பழங்களும் முகங்களும் சேர்ந்து குழம்பியதற்குக் காரணம் இந்த அண்டைவீட்டு உறவாக இருக்கலாம்.

திருவாளர் சி. பற்றிய குறிப்பில் இன்னொரு செய்தி உண்டு. எழுத்தின் வடிவத்தைக் கையால் வரைந்து பார்த்தால், அது இன்ன எழுத்து என்று அவரால் சொல்ல முடிந்தது. முன்வாசல் பூட்டியிருந்தது, கொல்லைப்புறம் திறந்திருந்தது. அவர் அந்த வழியாக ஓர் எழுத்தை எட்டிப் பார்த்ததோடு நின்றுவிட்டார். எங்கெல் அந்த வழியாகவே வீட்டுக்குள் புகுந்துவிட்டார்.

மெய்ப்பு மேசையிலிருந்து ஒரு சந்தேகம்

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் அச்சாகியிருக்கிறதா, ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறதா, ‘அவன்’ மூன்றாவது வரியில் ‘அவள்’ ஆகிவிட்டானா என்றெல்லாம் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்கிற பாடம், கதைக்குள் போய்விடக்கூடாது என்பது. போனால் பிழை கண்ணில் படாது. கண் சொல்லை முழுதாக விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். எழுத்தெழுத்தாகப் பார்த்தால் பிழை அகப்படும், கதை ஓடிவிடும். ஒரு நல்ல நாவலைத் திருத்தி முடித்த மாலையில், அதில் என்ன நடந்தது என்று மனைவி கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும்.

எனவே, எங்கெல் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து நாவல்களை அனுபவித்தார் என்று முதலில் கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. அலெக்சியா வந்தவர்கள் பலர் காலப்போக்கில் இப்படித்தான் படிக்கப் பழகுகிறார்கள் என்று மருத்துவ இலக்கியம் சொல்கிறது. நமக்கு மூன்றெழுத்துச் சொல்லுக்கும் ஆறெழுத்துச் சொல்லுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் போதும். அவர்களுக்குச் சொல் நீள நீள நேரமும் நீளும். அதில் இன்பத்துக்கு எங்கே இடம்?

தமிழில் இதற்கு இரண்டு வழக்குகள் இருக்கின்றன. ஒருவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான் என்றால் ஏளனம். இன்னும் தேறாத பிள்ளை என்று பொருள். ஒருவர் எழுத்தெண்ணிப் படித்தவர் என்றால் பெரிய பாராட்டு. ஓர் எழுத்து விடாமல் உள்வாங்கிய புலவர் என்று பொருள். இரண்டு பேருடைய கண்ணும் எழுத்தெழுத்தாகத்தான் போகிறது. ஒருவருக்கு அது தண்டனை, மற்றவருக்கு அது சுகம். எங்கெலின் நிகழ்வை இந்த இரண்டு வழக்குகளுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கத் தொடங்கியது.

நாக்கு

மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றப்பட்டு, அங்கே சில மாதங்கள் இருந்தார். நாள் கிழமை, சந்திக்க வேண்டியவர்கள், செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டார். எழுத முடியும் அல்லவா, எழுதினார். படிப்பதற்குத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இனி நான் வாசகன் இல்லை என்று அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. இதயத் துடிப்பை நிறுத்த முடியாததுபோல் வாசிப்பையும் தன்னால் நிறுத்த முடியாது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். வீரவசனம்போல் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பசியைப் பற்றி ஒருவர் பேசுவதைப்போல் இருந்தது. படிக்க முடியாத கண்ணோடு படிக்கவே உட்கார்ந்தார். டப்பாமேல் எழுதியிருப்பது என்றால் டப்பாவின் வடிவம், அலமாரியில் அது இருக்கிற இடம்; புத்தகம் என்றால் சொல்லின் நீளம், முன்னும் பின்னும் வருகிறவை என்று தடயங்களைச் சேர்த்துச் சொல்லை ஊகித்தார். இருபது ஆண்டுகள் துப்பறியும் கதை எழுதியவருக்கு இது அந்நியமான வேலை இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு வழக்கு, எழுத்துகள் சாட்சிகள், அவை ஒழுங்காகப் பேசவும் மாட்டா. அவருடைய இன்பத்தின் ஒரு பங்கு இங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் ஊகம். வேகமாகப் படிக்கிற நமக்கு இந்த இன்பம் கிடைப்பதில்லை, குறுக்கெழுத்துப் புதிரின் முன் உட்கார்ந்தால் ஒழிய.

படிக்க முயலும்போது கை தானாக அசையத் தொடங்கியது. கண் பார்க்கிற எழுத்தின் வடிவத்தை விரல் காற்றில் வரைந்தது. கண்ணுக்குப் புரியாதது கைக்குப் புரிந்தது. திருவாளர் சி. கண்ட அதே கொல்லைப்புற வழி. பிறகு அந்த வேலை கையிலிருந்து இடம் மாறி நாக்குக்குப் போனது. பற்களின் பின்புறத்திலும் மேலண்ணத்திலும் எழுத்துகளை நாக்கு நுனியால் வரைந்து வரைந்து படித்தார். கையைவிட நாக்கு சுறுசுறுப்பான உறுப்பு. அடுத்தவர் கண்ணிலும் படாது. வேகம் கூடியது. ஆனாலும், முன்பு ஒரு மாலையில் படித்து முடித்திருக்கக்கூடிய புத்தகத்துக்கு இப்போது ஒரு மாதமோ மேலுமோ ஆயிற்று.

புத்தகத்தைச் சுவைத்துப் படித்தேன் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அவர் வாயால்தான் படித்தார்.

இதைப் படித்த அன்று இரவு நானும் முயன்று பார்த்தேன். ‘ட’ எளிது, ஒரு கோடு இறங்கி ஒரு கோடு போகிறது. ‘ப’வும் பரவாயில்லை. ‘ன’வின் இரண்டு சுழியைச் சமாளித்துவிடலாம். ‘ண’வின் மூன்றாவது சுழியில் நாக்கு தடுமாறுகிறது, எச்சில் ஊறிவிடுகிறது. ‘ழ’வை வரைந்து முடிப்பதற்குள் அதன் ஒலிக்கு நாக்கு வளைய வேண்டிய விதம் குறுக்கே வந்து குழப்புகிறது. ஒரு திருக்குறளை இப்படிப் படிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. குறள் எனக்கு மனப்பாடம், அப்படியிருந்தும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மனப்பாடமான அந்தக் குறளில் எத்தனை வல்லின மெய் இருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

கையின் நினைவு கண்ணுக்குத் துணை நிற்கும் என்பது நமக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்தை அறிந்தார்கள். எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை 1789 முதல் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் பள்ளிக்கும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாட்டோடு சேர்த்து 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. இன்றும் விஜயதசமியன்று அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கிறோம். எங்கெல் எழுபது வயதில் தன் வாய்க்குள் அரிசித் தட்டு வைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்டால் போதாதா

நியாயமான கேள்வி. ஒலிப்புத்தகங்கள் இருந்தன. படித்துக் காட்ட ஆட்கள் இருந்தார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற பதிப்பகக் குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்க்ரிப்னர் ஜூனியருக்கும் முதிய வயதில் எழுத்து புரியாமல் போயிற்று. அவர் ஒலிநாடாவுக்கு மாறிக்கொண்டார். சொல்லச் சொல்ல எழுதவைக்கவும் பழகிக்கொண்டார். அதில் குறை ஒன்றும் இல்லை. செவிச்செல்வத்தைச் செல்வங்களில் தலையாயதாக வைத்த மரபு நம்முடையது. கோயில் மண்டபத்திலும் திண்ணையிலும் ஒருவர் படிக்க ஊரே உட்கார்ந்து கேட்ட காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை.

ஆனால் கேட்கும்போது வேகம் படிப்பவருடையது. வேண்டிய இடத்தில் நிற்க முடியாது. மூன்று பக்கம் முன்னால் போய், அந்த வேலைக்காரி அப்போது என்ன சொன்னாள் என்று பார்த்துவிட்டு வர முடியாது. துப்பறியும் கதைக்கு இந்தப் பின்னோக்கிப் புரட்டல் உயிர். எங்கெலுக்கு வேண்டியிருந்தது கதை மட்டும் அல்ல. புத்தகத்தோடு தனியாக இருப்பது. அதற்கு ஒரு மாதம் ஆனாலும் சரி என்று நினைத்தவராகத் தெரிகிறார்.

என் சந்தேகத்துக்கு நான் கண்ட விடையும் இங்கேதான் இருக்கிறது. மெய்ப்பு மேசையில் கதை ஓடிவிடுவதற்குக் காரணம் நான் எழுத்தெழுத்தாகப் பார்ப்பது அல்ல. கதை எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே தள்ளிவைத்துவிடுவது. எங்கெல் அதே வேகத்தில், அதைவிட மோசமான வேகத்தில், கதையை வேண்டிக்கொண்டு போனார்.

திருவாளர் சி.யும் எங்கெலும் ஒரே இடத்தில் அடிபட்டவர்கள், ஒருவர் கைவிட்டார், மற்றவர் விடவில்லை என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. அது அநியாயம். இருவருடைய சேதத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு மறுவாழ்வு மையமும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் அது கிடையாது. ஒருவருக்கு எழுத்து பிழைப்பு, மற்றவருக்குத் துணி பிழைப்பு. திருவாளர் சி. தன் ஆசைக்கு வேறு வழி கண்டுகொண்டார்: இசைக் குறியீடும் படிக்க முடியாமல் போனபின், மனைவி பாடிக்காட்டக் கேட்டே புதிய பாட்டுகளைக் கற்றுக்கொண்டார். அதுவும் ஒரு திரும்பப் பெறுதல்தான்.

கூப்பர்மேனுக்கும் அடி

2002 ஜனவரியில் எங்கெல், நியூயார்க்கின் நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்குக் கடிதம் எழுதினார். தனக்கு நேர்ந்ததை விவரித்திருந்தார். பிறகு நாவல் எழுத உட்கார்ந்தார். எழுதுவதில் தடை இல்லை. தடை, நேற்று எழுதியதை இன்று பார்ப்பதில். பிறர் வாசித்துக் காட்டக் காதால் கேட்டு, மனத்தில் நிறுத்தி, மனத்திலேயே வெட்டி ஒட்டித் திருத்தினார். நாவல் எழுதியவர்களுக்குத் தெரியும், முந்நூறு பக்கத்தில் ஒரு பாத்திரத்தின் சட்டை நிறத்தை நினைவில் வைத்துக்கொள்வதே பாடு. இவருக்கோ பெயர்களே நழுவிக்கொண்டிருந்தன.

2005இல் அந்த நாவல் வெளிவந்தது. தன் நோட்டுப் புத்தகத்தையே தலைப்பாக்கி ‘நினைவுப் புத்தகம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். பென்னி கூப்பர்மேன் தலையில் அடிபட்டு டொரான்டோ மருத்துவமனை ஒன்றில் கண்விழிக்கிறார். படிக்க முடியவில்லை, நினைவு தங்கவில்லை. படுக்கையில் இருந்தபடியே, தன்னை அடித்தது யார் என்று கண்டுபிடிக்கிறார். பின்னுரை எழுதியவர் சாக்ஸ்.

தன் நோயைத் தன் பாத்திரத்தின் தலையில் கட்டியதை நான் ரசிக்கிறேன். சோகக் கதையாக எழுதியிருக்கலாம். அவர் அதை ஒரு வழக்காக்கினார். சொந்தக் கதையாக 2007இல் தனியே ஒரு நூலும் எழுதினார். 2008இல் கூப்பர்மேனைக் கீழைநாடு ஒன்றுக்கு அனுப்பி இன்னொரு நாவல் வந்தது. சாக்ஸ் 2010இல் இந்த நிகழ்வை விரிவாக எழுதினார். அதன்பிறகுதான் எங்கெலின் நாக்கு உலகப் புகழ் பெற்றது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாளிதழை விரித்து ஒரு நோட்டத்தில் தலைப்புகளை மேய்கிற காரியம் அவருக்குத் திரும்ப வாய்க்கவில்லை. நாமெல்லாம் கைப்பேசியில் நாளெல்லாம் செய்கிற படிப்பு அதுதான். அவருக்குக் கிடைத்தது அடியும் நுனியும் தொட்டு, சொல் சொல்லாகக் கறந்து எடுக்கிற படிப்பு மட்டும்.

எங்கெல் 2019 ஜூலையில், 88 வயதில் இறந்தார். அந்த நாளிதழ்க் காலைக்கும் அதற்கும் நடுவே பதினெட்டு ஆண்டுகள். புத்தகத்துக்கு ஒரு மாதம் என்று வைத்தால், மாதங்கள் 216. பதினெட்டு மெய்யோடு பன்னிரண்டு உயிர் ஏறினால் வருகிற அதே எண். தற்செயல்தான். ஆனால் எழுத்தெண்ணிப் பிழைக்கிறவன் கண்ணில் அது படாமல் போகுமா?